வாய் நனைக்காத கோப்பி

ஒரு இடத்தில் இருக்க முடியாத பிறவி நான். மனைவி இதை வியாதி என்பாள். நான் சுறுசுறுப்பு என்பேன். தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நான், மனைவி, என் தங்கை என்று மூன்று பேர் இருந்தோம். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு பல்கனி. பல்கனியில் நிற்கலாம், நடக்க முடியாது. எனக்கோ நடக்க வேண்டும். பின்னேர ஷிப்ற் வேலை என்பதால் காலைப்பொழுது முழுவதும் என் கையில் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் நல்ல கோப்பிக் கடை தேடத் தொடங்கினேன். வெறுமனே தெருத் தெருவாக அலைகிற ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கோப்பி தேடி அலைகிறவனை அப்படிப் பார்ப்பதில்லை. அவன் ரசனை உள்ளவன்.

கோப்பியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது. ஊரில் நான் தேத்தண்ணி மட்டும் குடிக்கிறவன். கோப்பி குடித்ததெல்லாம் தடிமன் காய்ச்சலுக்கு மல்லியும் மிளகும் போட்டு இடித்துத் தந்தபோது, அல்லது செத்தவீட்டில். ஆகவே கோப்பி மணம் வந்தால் எனக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ உயிரில்லை என்று அர்த்தம். இந்தத் தகுதியோடு கனடாவுக்கு வந்து இறங்கி, சப்பாத்து ஈரம் காயமுதலே ‘இவங்களுக்குக் கோப்பி போடத் தெரியாது’ என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலப் பட்டது. பிறகு மற்றவர்களும் நம்பினார்கள். எங்கே நல்ல கோப்பி என்று என்னைக் கேட்டுப் போன் வரத் தொடங்கியது. பொய்யில் கட்டின பெயர்தான் உறுதியாக நிற்கிறது.

வந்த புதிதில் நாங்கள் பார்க்டேல் என்கிற பகுதியில் இருந்தோம். அங்கே மூலையில் ஒரு டோனற் கடை. கடுதாசிக் கோப்பை கையைச் சுடும், வாய்க்கு ஒன்றும் விளங்காது. சுவரில் ஒரு அறிவிப்பு: இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பெடியள் அந்த அறிவிப்பை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். இருந்தவர்களின் நேரம் முடிகிற சமயம் பார்த்து வெளியில் இருந்து ஒருவன் வந்து ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு அதே மேசையில் இருப்பான். அந்த மேசை முழுவதற்கும் மணிக்கூடு திரும்ப முதலில் இருந்து ஓடும். இப்படி ஒரு பின்னேரத்தையே ஓட்டுவார்கள். எனக்கு மட்டும் அந்த அறிவிப்பால் கஷ்டமில்லை. இருபது நிமிடம் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னால் அதில் பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டு எழும்பிப் போகிறவன் நான்.

விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது தங்கையால்.

அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. நகரத்துக்குள் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் கம்பியூட்டர் தட்டுகிற வேலை. கல்யாணம் பேசி, வந்து பார்த்துப் போன வீட்டுக்காரர்கள் பலர். ஒவ்வொரு முறையும் ஒரே நாடகம்தான். நான் சோபாவை இழுத்து நேராக்குவேன். மனைவி உள்ளே மீனும் கிழங்கும் வைத்து றோல்ஸ் பொரிப்பாள். தங்கை சீலை உடுத்துத் தட்டில் கோப்பி கொண்டுவர வேண்டும். அந்த அப்பார்ட்மென்றில் சமையலறைக்கும் சோபாவுக்கும் நாலடி தூரம்தான். பெண் நாலடியில் வந்து முன்னால் நின்றால் அடக்கம் போதாது என்பார்கள் என்று, மனைவி அவளைத் தட்டோடு முதலில் குளியலறைப் பக்கம் அனுப்பி, அங்கிருந்து புறப்பட வைப்பாள். வந்தவர்கள் கோப்பியைக் குடித்து, றோல்ஸைச் சாப்பிட்டு, உறைப்பு அளவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு சத்தம் இராது.

கடைசியாக வந்தவர்கள் ‘பொம்பிளைக்கு வயசு தெரியுது’ என்று எங்கோ சொன்னது சுற்றி வளைத்து அவள் காதுக்கே வந்து சேர்ந்தது. அவள் அழவில்லை. தட்டைக் கழுவித் துடைத்து, அலுமாரிக்கு மேல் சூட்கேசுகளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

பயமில்லாத ஒரு அன்ரி வெக்ஸ்போர்ட்டில் இருந்தா. கல்யாணம் பொருத்துவது அவவுக்குத் தொழில் இல்லை, சும்மா இருக்க முடியாத வியாதி. அந்த வகையில் எனக்குச் சொந்தம் போல. அவ போன் எடுத்து ஒரு சம்பந்தம் சொன்னா. மாப்பிள்ளை நாற்பதை எட்டுகிறார், இரவு வேலை, நல்ல மனிதர். தாய் மட்டும்தான், ஊரில் இருந்து அண்மையில்தான் வந்தவ. தங்கையிடம் இதைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அடுப்படிக்கும் பல்கனிக்கும் நாலைந்து தரம் நடந்துவிட்டுச் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இதுதான் கடைசித் தரம் அண்ணை. வீட்டில இல்லை. ஒரு கோப்பிக் கடையில நான் வந்து இருப்பன், அவையும் வந்து இருக்கட்டும். தட்டு ஒண்டும் தூக்கமாட்டன். எங்கட சனம் எட்டிப் பாக்கிற இடமாயும் இருக்கக்கூடாது.”

சரி என்றேன்.

“கோப்பி நல்லா இருக்கவேணும். ஆக்கள் சரியில்லாட்டியும் கோப்பியாவது சரியா இருக்கட்டும். இதுவும் சரிவராட்டி இனி என்னட்டை ஒருத்தரும் கேக்கக்கூடாது. நீங்களும்தான்.”

சொன்னால் சொன்னதுதான் என்கிற பெண் அவள். ஆக, என் தங்கையின் கல்யாணம் ஒரு கோப்பிக் கடையில் வந்து நின்றது. அந்தக் கடையைக் கண்டுபிடிக்க வேண்டியவன், கோப்பி தெரியும் என்று ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்த நான்.

சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வெக்ஸ்போர்ட்டில் அந்த அன்ரி வீட்டுக்குக் கிட்டவே அரபிக்காரர் கடை ஒன்று இருந்தது. சின்னக் கோப்பையில் ஏலக்காய் மணக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். அடியில் மண்டி நிற்கும் என்று தெரியாமல் நான் கடைசிச் சொட்டுவரை குடித்துப் பல்லெல்லாம் கறுத்துப் போனேன். கோப்பி நல்லதுதான். ஆனால் கடைக்குள் இருந்த பத்துப் பதினைந்து பேரும் ஆம்பிளைகள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தங்கையைப் பார்த்ததும் மரியாதைக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். அந்த மரியாதையில் ஒருவராலும் மூச்சுவிட முடியவில்லை.

நகரத்துக்குள் பெரிய ஹோட்டல் ஒன்றின் கோப்பிக் கடைக்குப் போனோம். கரண்டி கோப்பையில் பட்டால் அடுத்த மேசை திரும்பிப் பார்க்கிற அளவு அமைதி. அங்கே ஒரு மாப்பிள்ளையின் தாய் ‘நகை என்ன போடுவியள்’ என்று கேட்டால் மண்டபம் முழுக்கக் கேட்கும். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் மேசைக்கு மலர்ச்சீலை விரித்த கடை ஒன்று இருப்பதாக வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரி சொன்னாள். பஸ் இல்லை. ஒருவரிடம் கெஞ்சி அவருடைய காரில் போனால், கடை மத்தியானத்தோடு பூட்டுப்பட்டிருந்தது. கொலிஜ் ஸ்றீற்றில் இத்தாலிக்காரரின் கடையில் கோப்பி என்று கேட்டேன், விரல்நுனி அளவில் ஒன்றைத் தந்தார்கள். மருந்து போல ஒரே மடக்கில் விழுங்கினேன். அதற்குப் பிறகு என் கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. ஸ்பெடைனா தெரு வரை நடந்து, திரும்பி வந்து பார்த்தால், தங்கை தன்னுடையதைப் பாதிதான் குடித்திருந்தாள்.

மற்றக் கடைகள் எல்லாம் ஒரே காரணத்தால் தோற்றன. காசைக் கொடுத்தவுடன் ஒரு பிளாஸ்ரிக் தட்டைத் தள்ளிவிடுவார்கள். தூக்கிக்கொண்டு போய் இரு என்பதுதான் இந்த நாட்டு வழக்கம். அந்தத் தட்டைக் கண்டதும் தங்கை கோட்டுப் பொத்தானைத் திரும்பப் பூட்டத் தொடங்குவாள்.

நான் தூக்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நீங்கள் தூக்கினாலும் அது தட்டுத்தான்,” என்றாள்.

இந்த அலைச்சலில் ஒரு விசித்திரம் நடந்தது. கோப்பி தெரிந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு எல்லாம் ஒன்று போலவே கசந்தது. அவளுக்கோ நாக்கு விழித்துக்கொண்டது. இது புளிக்குது, இது கூடக் கறுக்க வறுத்தது, இது காலையில் போட்டுச் சூட்டில் கிடந்தது என்று ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்லுவாள். நான் அவள் சொன்னதை வேலையிடத்தில் என்னுடையது போலச் சொல்லித் திரிந்தேன். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவள் சனிக்கிழமை விடியவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ‘இண்டைக்கு எந்தப் பக்கம்’ என்று கேட்கவும் தொடங்கியிருந்தாள். மனைவிதான் ஒருநாள், பெண் பார்க்கும் விஷயம் ஒருபக்கம் கிடக்க அண்ணனும் தங்கையும் ஊர் சுற்றுகிறீர்கள் என்று சொல்லி மீன் வெட்டுகிற கத்தியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். வெக்ஸ்போர்ட் அன்ரியும் போனில் அவசரப்படுத்தினா. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடமும் பேச்சு வருகிறதாம்.

கடைசியில் கடையைக் கண்டுபிடித்தது என் அவசரம்தான். டண்டாஸ் தெருவில் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த ஸ்றீற்கார் பாதி வழியில் நின்றது. இதோடு திரும்புகிறோம், எல்லோரும் இறங்குங்கள், அடுத்தது பின்னால் வருகிறது என்றான் சாரதி. பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. எல்லோரும் அடுத்ததற்காக நின்றார்கள். எனக்கு நிற்க முடியாதே. நான் நடந்தேன், தங்கை சப்பாத்துக்குள் தண்ணீர் போகிறது என்று திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். குளிர் தாங்காமல் கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளினோம்.

போர்த்துக்கீசக்காரரின் கடை. நாலு மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சளாகப் பலகாரம், சத்தமில்லாமல் ஓடுகிற ஒரு ரீவி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களைப் பார்த்து, இருங்கள் என்று கையால் காட்டினா. நான் பழக்கத்தில் காசை எடுத்துக்கொண்டு, காசு வாங்குகிற மேசையடிக்குப் போனால், இருக்கச் சொன்னால் இரு என்பது போல மீண்டும் கையைக் காட்டினா. உயரமான கண்ணாடிக் கிளாசில், பால் விட்டு, மேலே நுரையோடு, தானே இரண்டு கையிலும் கொண்டுவந்து வைத்தா. தட்டில்லை.

தங்கை ஒரு வாய் குடித்தாள்.  இன்னொரு வாய் குடித்துவிட்டு கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.

“அண்ணை, இது,” என்றாள். அவ்வளவுதான்.

கடைக்கார அம்மா றாக்கையில் இருந்த பாணைக் காட்டி, வேண்டுமா என்று தன் மொழியில் கேட்டா. அதில் நாங்கள் ரொட்டிக்குச் சொல்கிற அதே ‘பாண்’ என்கிற சத்தம் வந்தது. நான் பின்னால் எந்தத் தமிழன் நிற்கிறான் என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. இவர்களுடைய ஆட்கள் ஒருகாலம் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கோயில்களை இடித்து, பாணையும் அலுமாரியையும் விட்டுவிட்டுப் போனவர்கள் அல்லவா. அந்தக் கணக்கை நான் அன்றே மன்னித்துவிட்டேன். அப்படிப்பட்ட கோப்பி.

தங்கையை அங்கே இருத்திவிட்டு வெளியே போய்ச் சுற்றுவட்டாரத்தைச் சோதித்தேன். பக்கத்துக் கட்டடங்களின் வாசலில் அழைப்புமணிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பெயர்கள் எழுதியிருக்கும். எங்கள் ஆட்களின் பெயர் அந்தப் பெட்டிக்குள் அடங்காது, கடைசி எழுத்துகள் வெளியே தொங்கும். அப்படி ஒன்றும் தொங்கவில்லை. இடம் முடிவாயிற்று.

குறித்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நேரத்தோடு போய் இருந்தோம். தங்கை சீலை உடுக்கவில்லை. வேலைக்குப் போகிற கறுப்புக் காற்சட்டையும் நீலச் சுவெற்றரும்தான். யன்னலோரம், கிளாசை வைத்துக் குடிக்க வசதியாக இருந்துகொண்டாள். மனைவி தன் கைப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அதற்குள் இருந்து பொரித்த மணம் வந்தது. வெறுங்கையோடு எப்படி இருக்கிறது என்று றோல்ஸ் கொண்டுவந்திருக்கிறாள். வெளிச் சாப்பாடு இங்கே கூடாது என்று காதுக்குள் சொன்னேன். கையை அந்தப் பைக்குள் விட்டால் தெரியும் என்று அவளும் காதுக்குள்ளேயே சொன்னாள்.

நான் இன்னொரு முன்னேற்பாடும் செய்திருந்தேன். எங்கள் ஆட்கள் கடைக்குப் போனால் யார் காசு கொடுப்பது என்று மல்யுத்தம் நடக்கும். கையைப் பிடித்து முறுக்குவார்கள், நோட்டைச் சட்டைப்பைக்குள் திணிப்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் கையை நான் முறுக்கினால் நன்றாக இருக்குமா? அதனால் எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே கடைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று நான் செய்ததில் இதுதான் கெட்டித்தனமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். தாய் சீலைக்கு மேல் தடித்த கோட்டு, காலில் வெள்ளைச் சப்பாத்து. மாப்பிள்ளை அன்று காலை வேலை முடிந்து வந்தவர், கண்கள் சிவந்திருந்தன. ஒரு வணக்கம் சொல்லி இருந்தார். தாய் எங்கள் மேசையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கடையின் பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தா. அது ஏன் என்று எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பெண் அந்த வழியால்தான் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறா. கதவு திறந்தது. தாய் சீலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்தா. கோப்பியோடு வந்தது போர்த்துக்கீச அம்மா.

“இவதான் என்ரை தங்கச்சி,” என்று நான் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினேன். தாய் மாறி மாறி இருவரையும் பார்த்தா.

கிளாஸ்கள் வந்தன. தங்கை தன்னுடையதை எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள். அவர்கள் இருவரும் தொடவில்லை. சூடாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். ஊர், வேலை, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று பேச்சுப் போனது. நுரை இறங்கியது. ஆறப்போகிறது, குடியுங்கோ என்றேன். பிறகு பார்ப்பம் என்றா தாய். பாலில் ஆடை படிந்தது. என் கால் மேசைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியது, கிளாஸ்கள் நடுங்கின. மனைவி என் காலை மிதித்து நிறுத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சில குடும்பங்களில் இது கடுமையான வழக்கம். சம்பந்தம் சரி என்று சொல்லுமுன் பெண் வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதித்த மாதிரி. முந்தி எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் றோல்ஸையும் சாப்பிட்டு, பதிலும் சொல்லாமல் போன நாகரிகக்காரர்கள். அதனால் இந்த வழக்கத்தையே மறந்திருந்தேன்.

“இது எங்கட வீடு இல்லையே அம்மா, கடைதானே,” என்றேன்.

“கடைதான் தம்பி. வாங்கித் தந்தது நீங்கள்தானே.”

 முன்கூட்டிக் காசு கொடுத்து அந்த நாலு மேசைக் கடையை என் வீடாக்கி வைத்தவன் நானேதான். என்னுடைய கோப்பியைக் குடித்தேன். முடிந்ததும் மனைவியுடையதை எடுத்துக் குடித்தேன்.

தாய் தங்கையிடம் சமைக்கத் தெரியுமோ என்று கேட்டா. தெரியும் என்றாள். விரதம் பிடிக்கிறதோ என்றா. சிலது என்றாள்.  மாப்பிள்ளை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணை அல்ல, தன் முன்னால் இருந்த கோப்பியை. இரவு முழுக்க மெஷினோடு நின்றுவிட்டு வந்த மனிதர். தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது. தாய் பக்கத்தில் இருக்கிறா, கை நீளவில்லை.

தங்கை அதைக் கண்டுவிட்டாள். கிளாசைக் கீழே வைத்தாள்.

“உது அண்ணை வாங்கினது, உதைக் குடிச்சால்தான் பிரச்சினை,” என்றாள் அவரைப் பார்த்து நேராக. “நீங்கள் போய் உங்கடை காசில ஒண்டு வாங்கிக் குடியுங்கோவன். அதுக்கு ஒரு வழக்கமும் இல்லை.”

என் மனைவியின் கைப்பை மடியில் இருந்து வழுக்கியது.  மாப்பிள்ளை தங்கையை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே எழும்பிக் காசு வாங்குகிற மேசையடிக்குப் போனார். ஒரு கிளாஸ் வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே குடித்தார். முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் தன் வெறும் கிளாசை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று, தனக்கும் ஒன்று கேட்டுத் தானே காசு கொடுத்தாள்.

பிறகு அவர்கள் இருவரும் அங்கேயே நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பால் சூடாக்குகிற அந்த மெஷின் ரயில் போல இரைந்தது. இரைச்சல் நிற்கும்போது அவர்களும் நிற்பாட்டினார்கள். தாயும் நானும் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்னவாம் கதைக்கினம்?” என்று தாய் கேட்டா.

“கோப்பியைப் பற்றியாத்தான் இருக்கும்.”

“கோப்பியில என்ன கிடக்கு இவ்வளவு நேரம் கதைக்க?”

அது நல்ல கேள்விதான். எனக்கு இருக்க முடியவில்லை. வெளியே போய்த் தெருமுனை வரை நடந்தேன், திரும்பினேன், யன்னலுக்குள்ளால் பார்த்தேன். இன்னும் நின்றார்கள். திரும்பவும் நடந்தேன். இதுவும் தவறினால் அவள் தட்டை மட்டுமல்ல, அந்தப் பேச்சையே சூட்கேசுகளுக்குப் பின்னால் எறிந்துவிடுவாள். அதை எடுக்க எனக்கு உயரம் போதாது. ஒரு நாயோடு போன மனிதர் இரண்டாம் தரமும் என்னைக் கண்டு, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

உள்ளே வந்தால் புதிய பிரச்சினை. கடைக்கார அம்மா எங்கள் மேசையில் நின்றா. ஆடை படிந்த இரண்டு கிளாசையும் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, என்ன குறை என்று கேட்டுக்கொண்டிருந்தா. முகம் சிவந்திருந்தது. மனைவி ‘இல்லை, நல்லம், நல்லம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லதென்றால் ஏன் குடிக்கவில்லை? இதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல எனக்கு யாழ்ப்பாணத்தையே விளங்கப்படுத்த வேண்டும்.  அவ பழைய கோப்பியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு வந்து தாயின் முன்னால் வைத்தா. நான் பைக்குள் கையை விட்டதும் என் கையைத் தட்டிவிட்டா. இது என்னுடையது, உன்னுடையது இல்லை என்றா.

தாய் என்னைப் பார்த்தா. “என்னவாம்?”

“தான் தாறாவாம். எங்களுக்கு இதில ஒரு பங்கும் இல்லையாம்.”

 போர்த்துக்கீச அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்து நின்றா.

“அவ தாறதெண்டால் குடிக்கலாம்,” என்று தாய் கிளாசை எடுத்தா. முதல் வாயில் கண் கொஞ்சம் பெருத்தது. பிறகு நிறுத்தாமல் அடிவரை குடித்தா. நான் அந்த முகத்தில் எதையாவது வாசிக்கலாமா என்று தேடினேன். சம்மதம், சம்மதமின்மை, ஒன்றும் இல்லை. கோப்பி மட்டும்தான் இருந்தது. அறிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டு மகனோடு போனா.

திரும்பும் வழியில் ஸ்றீற்காரில் தங்கை யன்னல் பக்கம் இருந்தாள். மனைவி றோல்ஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒன்று தந்தாள். நான் எழும்பி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், என்ன சொன்னார் என்று.

“பொம்பிளை பாக்கப் போன வீடெல்லாம் கோப்பியைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு வந்ததுதானாம்.” அவள் றோல்ஸைக் கடித்தாள். “இண்டைக்குத்தான் பொம்பிளையைப் பாத்ததாம்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“வாற சனிக்கிழமையும் வரச்சொல்லிக் கேட்டவர். தாய்க்குச் சொல்லாமல். நான் ஓம் எண்டிட்டன்.”

“எங்க?”

“அங்கதான். நீங்கள் இனி அந்தக் கடைப்பக்கம் வரக்கூடாது அண்ணை.”

அந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல கோப்பிக் கடையை நான் இழந்த விதம் இதுதான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தங்கை தனியாகப் புறப்பட்டாள். நான் வீட்டில் சோபாவை இழுத்து நேராக்கினேன், வருவதற்கு ஒருவரும் இல்லாமல். வேறு கடைகளுக்குப் போனேன், எல்லாம் புளித்தன. அல்லது அவள் பக்கத்தில் இருந்து சொல்லாததால் புளிக்கிறதா கறுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் காரணமில்லாமல் டண்டாஸ் ஸ்றீற்காரில் ஏறி அந்தக் கடையைக் கடந்து போனேன். யன்னல் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே யாரோ விரலால் ஒரு கோடு கீறியிருந்தார்கள், அதற்குள்ளால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, வந்த வழியே திரும்பினேன். தாயிடம் இருந்து பதில் இல்லை. வெக்ஸ்போர்ட் அன்ரியைக் கேட்டால், அவ யோசிக்கிறாவாம் என்றா. தங்கையைக் கேட்டால், “பாப்பம்” என்பாள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே.

மரங்கள் துளிர்க்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, தாயும் மகனும் எங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்தார்கள். தாய் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சோபாவில் இருந்தா. தங்கை எதிரே கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டபடி இருந்தாள், எழும்புகிற எண்ணம் இல்லை. சமையலறையில் மனைவி கோப்பியை ஊற்றிவிட்டு அலுமாரியின் மேற்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையிலும் இரண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு, அந்த நாலடியில் சரிபாதி சிந்தி, தாயின் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

அவ கோப்பையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மகனைப் பார்த்தா, அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, அதனால் அரைவாசி குனிந்தபடி நின்றேன்.

தாய் கோப்பையை எடுத்துக் குடித்தா. ஒரு வாய், பிறகு இன்னொரு வாய், பிறகு எல்லாம். வாயைத் துடைத்துக்கொண்டா.

“அந்தக் கடைக்காரி போட்டது மாதிரி இல்லை தம்பி,” என்றா.

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. ஒரு கோப்பியைப் பழித்து அவ்வளவு சந்தோஷம் ஒரு வீட்டுக்குள் வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“எண்டாலும் இன்னும் கொஞ்சம் இருந்தால் தாங்கோ,” என்று தாய் வெறுங்கோப்பையை நீட்டினா.

நான் அதற்குள் சமையலறை வாசலில் நின்றேன்.